பதினான்கு மாதப் புதுக்கார்

அந்த நாட்களில் லண்டன் இல்ஃபோர்டில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. நான் கணக்காளன் அல்ல. கணக்காளர் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். கடைக்காரர்களுக்கு வற் என்கிற விற்பனை வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஆனால் கணக்காளனுக்கும் அவனிடம் வேலை பார்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் சனத்துக்குத் தேவையில்லாத நுணுக்கம். படிவம் நிரப்பத் தெரிந்தவனுக்குச் சட்டம் தெரியும், வைத்தியம் தெரியும், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்பதும் தெரியும். கலியாண வீடுகளில் பந்தியில் இருக்கும்போது வந்து கேட்பார்கள். நானும் சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொல்வேன்.

அதிகமாகக் கேட்கப்பட்டது கார் பற்றித்தான். யாரோ ஒருவரிடம் பழைய கார் வாங்கப் போகிறேன், அரசாங்கத்துக்கு ஏதும் கட்டவேண்டி வருமோ என்று கேட்பார்கள்.

"டீலரிட்டை வாங்கினால்தான் வற். தனியாள் தனியாளுக்கு வித்தால் ஒரு சதமும் இல்லை. ரோட் டாக்ஸ் கட்டினால் காணும்," என்பேன்.

இது சரியான பதில்தான். இந்த நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காருக்குச் சரியான பதில். அந்தப் பின்பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கே தெரியாது.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எதையாவது இழக்கக் கூடியவளாக இருந்தது அவள் மட்டும்தான். எட்டு வருடமாக அவள் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பாணுக்கு நடுவில் கோழித் துண்டையும் இலையையும் வைத்து மூடுகிற வேலை. சாமான் பழுதாகாமல் இருக்க அந்த மண்டபத்தை எப்போதும் குளிராகவே வைத்திருப்பார்கள். பழுதாகிற மனிதர்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வீட்டுக்கு வந்தால் கால் மணித்தியாலம் விரல்களைச் சுடுதண்ணீரில் வைத்திருந்த பிறகுதான் அவளுக்குக் கத்தி பிடிக்க வரும்.

அந்த வருடம் அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய், குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வேலை. மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்திருந்தாள். நாலாவது முறையில் டிரைவிங் டெஸ்டும் பாஸ் பண்ணியிருந்தாள். நேர்முகத்துக்குப் போனபோது அந்த நிறுவனத்துப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போன்ற ஆளைத்தான் தேடினோம் என்றாளாம். அதை எனக்கு மூன்று தரம் சொன்னாள். நிபந்தனை ஒன்றே ஒன்று. வீடுகள் தூரம் தூரமாக இருப்பதால் சொந்தக் கார் வேண்டும். அது அவள் பெயரில் பதிந்து, வேலைக்கு ஓடுகிற காப்புறுதியோடு இருக்கவேண்டும். ஆறு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை வேலை தொடக்கம்.

தொழிற்சாலைக்கு அவள் விலகல் கடிதம் கொடுத்த அன்று வீட்டில் பாயாசம்.

ஆறு கிழமைக்குள் ஒரு கார் வாங்குவது லண்டனில் பெரிய காரியம் இல்லை. கடைச் சன்னல்களில் கார் விற்பனைக்கு என்று துண்டு ஒட்டியிருக்கும், போய்ப் பார்த்து வாங்கிக்கொண்டு வரலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நான் மற்றவர்களைப் போலவா? என்னைப் போல விஷயம் தெரிந்தவன், எவனோ இரண்டு வருடம் சிகரெட் பிடித்த காரை வாங்குவதா? எனக்கு ஜெர்மனியில் ஒரு மச்சான் இருந்தார். மனைவியின் மூத்த அண்ணன். அவரிடம் ஒரு கார் இருந்தது.

அந்தக் காரை மச்சான் புதிதாக வாங்கியிருந்தார். பதினான்கு மாதத்துக்கு முன் வாங்கிய நாளில் எங்களுக்குத் தொலைபேசி எடுத்து, காரின் கதவை மூடுகிற சத்தத்தைக் கேட்க வைத்தவர். இப்போது ஏதோ வியாபாரம் தொடங்க வான் வண்டி ஒன்று தேவைப்பட்டதால் காரை விற்க நினைத்தார்.

"வெளியாக்களுக்குக் குடுக்க மனமில்லை, மச்சான். ஓட்டமே இல்லாத வண்டி. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும்தான் எடுத்தனாங்கள். சீற்றில பிளாஸ்டிக் கூடக் கழட்டேல்லை."

அவர் சொன்னது உண்மை. ஜெர்மனிக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் கட்டில் விரிப்பால் போர்த்தபடி நின்றது. இருக்கைகளில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே. கால் வைக்கிற இடத்தில் பத்திரிகை. முன்பக்கம் சின்னப் பிள்ளையார், நெற்றியில் சந்தனத்தோடு. ஏறப் போனபோது மச்சான் என் சப்பாத்தைப் பார்த்துக் கனைத்தார். கழற்றிவிட்டு ஏறினேன். அவருடைய பிள்ளைகள் இரண்டும் அந்தக் காருக்குள் பிஸ்கட் சாப்பிட்டதில்லை, தண்ணீர் குடித்ததில்லை, சத்தமாகச் சிரித்ததுகூட இல்லை என்று நினைக்கிறேன். மற்ற எல்லா ஓட்டத்துக்கும் ஒரு துருப்பிடித்த பழைய கார் இருந்தது. குடும்பமே அதில் இடிபட்டுக்கொண்டு போனது. பதினான்கு மாதத்தில் இது ஓடிய தூரம் மூவாயிரம் கிலோமீற்றர்.

எங்கள் ஆட்களின் இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல. டீவீ ரிமோட்டைப் பொலித்தீனில் சுற்றி வைப்போம். வரவேற்பறைக் கதிரைக்குத் துணி போடுவோம், அந்தத் துணி ஊத்தையாகாமல் இருக்க அதன் மேல் இன்னொரு துணி. நல்ல சாமான் என்றால் பாவிக்காமல் வைத்திருக்கும் சாமான் என்றுதான் அர்த்தம். அதனால் அந்த மூவாயிரத்தைக் கண்டு நான் பூரித்துப்போனேன்.

"எங்களுக்குள்ள என்ன விலை," என்று மச்சான் சொன்னார். எங்களுக்குள் இந்த வசனம் வந்தால் வெளியில் கேட்கும் விலையைவிடக் கொஞ்சம் கூட என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பேரம் பேச முடியாது, சொந்தம் முறிந்துவிடும். எங்கள் சேமிப்பு முழுவதும் அவர் கைக்குப் போனது. ஏற்றுமதிக்கென்று கொடுக்கும் தற்காலிக இலக்கத்தகட்டோடு, படகில் ஏற்றி, கடல் தாண்டி ஓட்டி வந்தேன். இறங்கியபோது மீற்றரில் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரைக் கொண்டு பூசை செய்வித்து, நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். என் மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்து பார்த்தாள். இடதுபக்க ஸ்டியரிங். அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு நான் செய்ததுதான் படித்தவன் செய்யும் வேலை. பதிவுப் படிவத்தையும், காரைக் கொண்டுவந்ததாக வரி அலுவலகத்துக்கு அறிவிக்கும் படிவத்தையும் அவள் பெயரில் நிரப்பினேன். கையெழுத்து வைக்கவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்தேன், அவள் வைத்தாள். ஓடிய தூரம் என்ற கட்டத்தில் மீற்றரில் இருந்த எண்ணை எழுதினேன். எழுதிவிட்டு, காரின் தரம் அந்த வெள்ளைக்காரருக்கும் தெரியட்டும் என்று, பக்கத்தில் 'மிக மிகக் குறைந்த பாவனை, புதியது போன்றது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பதில் விரைவாகவே வந்தது. இந்த வாகனம் புதிய வாகனமாகையால், கொள்வனவு விலையில் பதினேழரை வீதம் வற் செலுத்தவேண்டும். செலுத்தும்வரை இலக்கம் பதிய முடியாது.

நான் சிரித்தேன். பாவம், தெரியாத பிள்ளை யாரோ எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, நான் இந்தத் துறையில் இருப்பவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். பேசியவள் பொறுமையான ஒரு பெண்.

"இது தனியார் விற்பனை. வியாபாரி யாரும் இதில் இல்லை," என்றேன்.

"வேறொரு ஐரோப்பிய நாட்டிலிருந்து புதிய வாகனம் வந்தால், யார் விற்றாலும் வரி உண்டு, ஐயா."

"இது புதியது இல்லையே. பதினான்கு மாதம் பழையது."

"வாகனம் பழையதாக வேண்டுமானால் இரண்டு நிபந்தனை. ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும். ஆறாயிரம் கிலோமீற்றரும் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். உங்களுடையது ஒன்றைத்தான் தாண்டியிருக்கிறது."

மேசையில் கிடந்த படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன்.

"நீங்களே புதியது போன்றது என்று எழுதியிருக்கிறீர்கள்," என்று அவள் உதவியாகச் சேர்த்தாள். பிறகு உண்மையான ஆவலோடு கேட்டாள்: "கேட்கக் கூடாதுதான். பதினான்கு மாதம் ஏன் அவர் காரை ஓடவில்லை?"

இதற்கு அவளுக்கு என்ன பதில் சொல்வது? அழகாக இருந்ததால் ஓடவில்லை என்று சொல்லவா? மச்சான் ஒரு சாதாரண ஜெர்மன்காரனைப் போல அந்தக் காரில் வேலைக்குப் போயிருந்தால், பிள்ளைகள் பின்சீற்றில் சொக்லேற் பூசியிருந்தால், நாய் ஒன்று சத்தி எடுத்திருந்தால், எங்களுக்கு ஒரு சதம் வரி வந்திராது. சப்பாத்தைக் கழற்றி ஏறிய குற்றத்துக்குத்தான் பதினேழரை வீதம். விற்றவர் ஜெர்மனியில் தான் கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். மச்சானிடம் சொன்னேன். எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்த நாட்டு வரி அலுவலகத்தின் வாசற்படியைத் தான் மிதிக்கப் போவதில்லை என்றார். அவருடைய காரணங்களை நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே என் மனைவி சொன்னாள்:

"கட்டுவம். கட்டிப்போட்டு நம்பரை எடுப்பம். என்ர சீட்டு இருக்குது, இந்த மாதம் கழிச்சு எடுத்தால் காசு வரும்."

சீட்டு என்றால், அவளும் தொழிற்சாலைப் பெண்கள் சிலரும் மாதாமாதம் போட்டு வைத்த காசு. முந்தி எடுக்கிறவருக்குத் தொகை குறையும். கடைசிவரை வைத்திருந்து முழுத்தொகையை எடுப்பதுதான் அவளுடைய எண்ணமாக இருந்தது. அதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக நின்றாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. அன்றே கட்டியிருந்தால் எல்லாம் நேரத்துக்கு முடிந்திருக்கும்.

"உமக்கு விளங்காது. கட்டத் தேவையில்லாததைக் கட்டுறது முட்டாள்தனம். நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

உண்மையில் எனக்கு வலித்தது காசு அல்ல. எங்கள் தெருவெல்லாம் தனியாருக்கு வரி இல்லை என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அந்த நானே போய் வரி கட்டினால் நாளைக்கு யார் என்னிடம் கேட்க வருவார்கள்? அவளுடைய வேலையை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன், எனக்கு நடந்ததாக அல்ல, ஒரு கிளையண்டுக்கு நடந்ததாக. அவர் வெண்டிக்காயைக் கொட்டி அடுக்கியபடியே தீர்வு சொன்னார்.

"இதுக்கு ஏன் தலையை உடைக்கிறியள்? ஆறாயிரம் காணாது எண்டால் ஆறாயிரம் ஆக்கவேண்டியதுதானே. எம் 25-இல ஏத்திவிட்டுச் சுத்தச் சொல்லுங்கோ. பெற்றோல் காசோட முடிஞ்சுது."

லண்டனைச் சுற்றி ஓடும் பெருந்தெரு அது. ஒரு சுற்று ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். எனக்குத் தேவை இரண்டாயிரத்து நானூறு. கல்குலேட்டரை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று சுற்று. உலகத்தில் மற்றவர்கள் மீற்றரைப் பின்னுக்குத் திருப்பிச் சிறைக்குப் போகிறார்கள். நான் நேர்மையாக முன்னுக்குத் திருப்பப் போகிறேன், இதில் என்ன பிழை என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை வெண்டிக்காய்க்கு நடுவிலிருந்து வந்ததே என்று வியந்தேன்.

இரண்டு சனி ஞாயிறும், நடுவில் லீவு போட்ட இரண்டு நாளும் சுற்றினோம். என் மனைவி பக்கத்தில் சோற்றுப் பொதியோடு இருந்தாள். ஊரில் கோயிலைச் சுற்றினால் புண்ணியமாவது கிடைக்கும். இங்கே சுற்றுக்கு ஒரு தரம் தேம்ஸ் நதியைக் கடக்கப் பாலத்தில் காசு வாங்கினார்கள். கூண்டுக்குள் இருந்தவன் ஐந்தாம் தரம் எங்களைப் பார்த்தபோது, வழி தவறிவிட்டீர்களா என்று இரக்கத்தோடு கேட்டான். விமான நிலையத்துக்குக் கிட்ட வாகனங்கள் முட்டி நிற்கும். அங்கே ஒரு மணித்தியாலத்தில் நாலு கிலோமீற்றர் சேரும். அதையும் குறித்துக்கொண்டேன்.

எட்டாவது சுற்றில் என் மனைவி சாலை ஓரத்துப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி கேட்டாள்:

"இதை அந்தப் பொம்பிளையிட்டை ஒருக்கால் கேட்டனீங்களோ? இப்ப ஓடினால் கணக்கில எடுப்பினமோ எண்டு?"

"இதெல்லாம் கேட்டுக்கொண்டா செய்யிறது?"

அவள் சோற்றைக் குழைத்து எனக்கு உருட்டித் தந்தாள்.

ஆறாயிரத்து ஒன்பது. மீற்றரைப் படம் பிடித்துக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு, கூடவே தொலைபேசியும் எடுத்தேன். அதே பெண். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"ஐயா, நாங்கள் பார்ப்பது நீங்கள் வாங்கிக் கொண்டுவந்தபோது எவ்வளவு ஓடியிருந்தது என்பதை. அதன் பிறகு எவ்வளவு ஓடினாலும் எங்களுக்குக் கவலை இல்லை." பிறகு கேட்டாள்: "மூன்று கிழமையில் இரண்டாயிரத்து நானூறு கிலோமீற்றர் எங்கே போனீர்கள்?"

எங்கும் போகவில்லை என்றேன். அது உண்மை.

திங்கட்கிழமைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அந்த நேரத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். அதற்குப் பதில் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். மச்சான் உற்சாகமாகிவிட்டார். ஜெர்மன் வரி அலுவலகத்துக்குப் போகத்தான் அவருக்குப் பயம், இங்கிலாந்து வரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதப் பயமில்லை.

"மீற்றர் பழுதாகி மாத்தினது எண்டு எழுதுவம், மச்சான். மாத்தேக்கை ஐயாயிரம் ஓடியிருந்தது எண்டு. கராஜ் வைச்சிருக்கிற பொடியன் ஒருத்தன் இருக்கிறான், அவன் சீல் குத்தித் தருவான்."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பார்க்க ஆசையாக இருந்தது. பொய்யில் இப்படி ஒரு நேர்த்தியை நான் அதுவரை கண்டதில்லை. நீல நிற முத்திரை, திகதி, திருத்தியவரின் கையொப்பம், பழைய மீற்றரின் தொடர் இலக்கம்கூட இருந்தது. காரைப் பதினான்கு மாதம் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த குடும்பத்துக்குத்தான் இவ்வளவு கவனம் வரும். அதோடு சேர்த்து அனுப்ப ஒரு விளக்கக் கடிதம் தட்டச்சு செய்தேன், முதல் படிவத்தில் தவறுதலாகப் புதிய மீற்றரின் எண்ணை எழுதிவிட்டேன் என்று. கீழே அவள் பெயர். வழக்கம்போலப் பென்சிலால் புள்ளடி போட்டு, குசினிக்குக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். வழக்கமாகப் புள்ளடியைத் தேடுகிறவள், அன்று முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். மெதுவாக, மாலை வகுப்பில் படித்த ஆங்கிலத்தில், சொல் சொல்லாக.

"இது பொய்."

"ஒரு சின்னப் பொய். எல்லாரும் செய்யிறதுதான்."

"ஆற்றை பேர் போட்டிருக்கு?"

"கார் உம்மட பேரில எண்டபடியால்..."

"என்ர பேர்." கடிதத்தை மேசையில் வைத்தாள். "இஞ்சேருங்கோ. வயசு போன சனம் தங்கட வீட்டுக் கதவுத் திறப்பை என்ர கையில தரப்போகுது. கட்டில்ல கிடக்கிறவை, எழும்ப ஏலாதவை. அலுமாரிக்குள்ள என்ன இருக்குது எண்டு பாக்கவும் ஏலாதவை. அதுக்காண்டிக் கொம்பனிக்காரர் பொலிஸில கேட்டு, நான் நேர்மையான ஆளோ எண்டு பாத்தவை. நான் இதில கையெழுத்து வைச்சிட்டுப் போய் அந்தத் திறப்பை வாங்கிறதோ?"

"இல்லாட்டி வேலை போயிடும்," என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியும். எனக்கு முதல் கடிதம் வந்த அண்டைக்கே தெரியும்."

அன்றே சீட்டைக் கழித்து எடுத்தாள். அடுத்த நாள் வரி கட்டப்பட்டது. படிவத்தை இம்முறை அவளே நிரப்பினாள். ஒரு கட்டத்தில் பேனையை வைத்துவிட்டு யோசித்தாள், உதவி செய்யலாம் என்று கிட்டப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். கால் மணித்தியாலத்தில் முடிந்தது. நான் அதற்கு இரண்டரைக் கிழமை எடுத்திருந்தேன்.

வரி கட்டிய தாள் கிடைத்த பிறகு பதிவதற்குப் பத்து வேலைநாள் ஆகும் என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், நான் இந்தத் துறையில் இருப்பவன் என்றும் சொல்லிப் பார்த்தேன். பத்து வேலைநாள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன், பக்கத்தில் நிற்கவேண்டும் என்று. கார் இருக்கிறது, இலக்கம் வரவில்லை, இன்னும் ஒரு கிழமை தந்தால் போதும் என்றாள். மறுமுனையில் அந்தக் கையைப் பிடித்த பெண்தான். நீண்ட நேரம் பேசினாள். மனைவி 'ஓகே' என்றாள், பிறகு 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்றாள், பிறகு 'தாங்யூ' என்றாள். வீடுகளில் ஆட்கள் காத்திருப்பதால் ஒரு நாளும் தள்ளிப்போட முடியாதாம், அந்த வீடுகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், இவளுடைய பெயரைக் கோப்பில் வைத்திருப்பார்களாம். தொலைபேசியை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அன்றும் ஏசவில்லை, அடுத்த நாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். சட்டத்தைக் குறை சொல்லியிருப்பேன், மச்சானைக் குறை சொல்லியிருப்பேன், இரண்டு நிபந்தனை வைத்தவனைத் திட்டியிருப்பேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்நாளில் வேறெதற்கும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

சாண்ட்விச் தொழிற்சாலை அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது, புது ஆளாக, ஆரம்பச் சம்பளத்தில். எட்டு வருடம் அங்கே நின்றவளை அவர்கள் சட்டப்படி புதியவள் என்றுதான் பதிந்தார்கள்.

இலக்கத்தகடு அடுத்த வியாழக்கிழமை பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கார அண்ணை அரிசி மூட்டை கொண்டுவந்தவர், வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிளையண்டின் கார் என்று நான் சொன்ன கதை அவர் முகத்தில் ஒரு நிமிடம் வந்து போனது. நல்ல மனிதர், அதைப்பற்றிக் கேட்கவில்லை. உள்ளே வந்து இருந்தார். மனைவி வேலை முடிந்து வந்த உடை மாற்றாமல், ஏதனத்துச் சுடுதண்ணீரில் விரல்களை வைத்தபடி மேசையில் இருந்தாள்.

"வடிவான கார்," என்றார் அவர். "வரி கிரி எல்லாம் சேத்துக் கடைசியில எவ்வளவு முடிஞ்சுது?"

நான் கல்குலேட்டர் இல்லாமலே தொடங்கினேன். மச்சானுக்குக் கொடுத்தது இவ்வளவு, படகு இவ்வளவு, பாலத்துக்குப் பதின்மூன்று தரம், பெற்றோல், பிறகு அந்தப் பதினேழரை வீதம் எப்படி வருகிறது என்றால், ஐரோப்பாவிலிருந்து வாகனம் கொண்டுவரும்போது இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன என்று, ஒரு தீர்ப்பைப் போல விளக்கிக்கொண்டு போனேன்.

"என்ர வேலை, அண்ணை," என்றாள் மனைவி. "அதைக் குடுத்துத்தான் எடுத்தது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு விரல்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குத் தேத்தண்ணீர் போட எழுந்து போனாள்.